எஸ்தர் மேடம் கலந்த சர்க்கரை

கம்ப்யூட்டர் லேபில் மாணவர்கள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் போன் வந்தது. ராயபுரத்திலிருந்து எஸ்தர் மேடத்தின் அண்ணன். "எஸ்தரு நம்மள வுட்டுப் போயிட்சி சார்." நம் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்திய எஸ்தர் மேடம் நோயில் கிடந்தது தெரியும். இருந்தாலும் மனம் ஒப்பவில்லை. நடையே ஓட்டமாக இருந்த மனுஷி அவர்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு எங்கள் கிறுக்கு நினைவிருக்கும். செடிகளில் உள்ள வேதிப்பொருள்களை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கிருமியின் புரதத்தில் இருக்கும் பள்ளத்தில் எது கச்சிதமாக உட்காருகிறது என்று பார்ப்போம். நன்றாக உட்கார்ந்தால் கிருமியை முடக்கக்கூடும். கணினி என் பொறுப்பு, செடியும் கிருமியும் அவருடையவை. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்த சேற்றிலும் தழைக்கும் உமரிச் செடியைக் காட்டி, "இந்தக் கலீஜுலயே சோக்கா வளருதுன்னா உள்ள இன்னாமோ கீது சார்" என்பார்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. மூலிகைப் பொருள்களுக்கு நடுவே சாதாரணச் சர்க்கரையையும் சேர்த்துவிடுவார். கணக்கு சரியென்றால் அது கடைசியில் வரவேண்டும்.

ஒருமுறை குப்பைமேனியின் பொருள் ஒன்று முதலிடத்தில் வந்தது. லேபே துள்ளியது! மறுவாரம் கருத்தரங்கு. அங்கே எஸ்தர் மேடம் பேசுவதைக் கேட்டுத்தான் அதை நடத்துபவர்கள் எங்களுக்குப் புதிய கணினிகள் தருவதாக இருந்தார்கள். கல்லூரி முதல்வர் லட்டோடு வந்துவிட்டார். மேடம் லட்டைக் கையில் வைத்துக்கொண்டே திரையைப் பார்த்தார்.

"சர்க்கரை எங்க கீது?"

மூன்றாவது இடத்தில் இருந்தது.

"சர்க்கரையே கிருமிய சாவடிக்கும்னா, ராயபுரத்துல டீ குடிக்கிற எவனுக்கும் காச்சலே வராதே!" என்று சிரித்தார். முதல்வர் சிரிக்கவில்லை. "அதை மட்டும் எடுத்துட்டா என்னம்மா?" என்றார். "நமக்கு நாமே பீலா வுட்டுக்கிறதா சார்?" என்று கேட்டுவிட்டு, கருத்தரங்குக்கு வரவில்லை என்று அங்கேயே போன் செய்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கணினிகள் கைநழுவிப் போயின.

புரதத்தின் பள்ளத்தைக் குறிக்கும் கட்டம் கணினியில் இடம் தள்ளி விழுந்திருந்ததை இருவரும் தேடிப் பிடித்தோம். பழைய கணினிகளிலேயே எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினோம். சர்க்கரை அடிக்குப் போனது, குப்பைமேனி நடுவில் சரிந்தது, மேலே வந்து நின்றது உமரி! சில வாரம் கழித்து, கிருமி வளர்த்த தட்டைத் தூக்கிப் பிடித்தபடி வராந்தாவில் ஓடிவந்தார். உமரிச் சாறு வைத்த இடத்தைச் சுற்றிக் கிருமி இல்லாத சின்ன வட்டம். "வட்டம் வுழுந்திச்சி நைனா!" சார் என்பதையே மறந்துவிட்டார். அது மருந்தாக இன்னும் எவ்வளவோ தூரம் இருந்தது. ஆனாலும் அன்று நாங்கள் குதித்த குதி வீண் இல்லை.

அண்ணனிடம் பேசிவிட்டுப் போனை வைத்தேன். கூச்சலுக்குக் காரணம் அப்போதுதான் தெரிந்தது. "சார், நம்ம கீழாநெல்லி முதலிடம்!" என்று ஒரு மாணவி ஓடிவந்தாள். மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரே ஒரு கேள்வி. திருநெல்வேலிக்காரனான என் வாயில் அது அவருடைய பேச்சாகவே வந்தது.

"சர்க்கரை எங்க கீது?"

"கடைசில கீது சார்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, லட்டு வாங்கிவரச் சொன்னேன்.