வலி அடங்கிய மத்தியானம்

முதலில் வந்தது இடுப்பு வலிதான். ஏழாம் மாதம். காலையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். இறுக்கிப் பிடித்தது, விட்டது. சிறிது நேரம் கழித்து மறுபடியும் பிடித்தது.

எனக்கு ஒன்றும் தெரியாமல் இல்லை. கருப்பை வாய் (குழந்தை வெளிவரும் வழி) நீளம் குறைந்திருக்கிறது, முன்கூட்டியே பிரசவம் ஆகிவிடலாம் என்று ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே சொல்லியிருந்தார்கள். குறைமாதப் பிரசவத்தைத் தடுக்க இரண்டு மருந்துகளில் எது நல்லது என்று பார்க்கும் ஆராய்ச்சி ஒன்று கள்ளக்குறிச்சியில் நடந்தது. அதில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். மருந்தை ஒரு நாள்கூட விடவில்லை. "வலின்னு வந்தா உடனே வந்துடணும்" என்று ஆராய்ச்சி நர்ஸ் ஒவ்வொரு முறையும் சொல்வார். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுவேன்.

"சூட்டு வலியா இருக்கும்மா," என்றார் மாமியார். "சீரகத் தண்ணி வெச்சித் தரேன். நெஜமான பிரசவ வலின்னா ஜாஸ்தியாவும், இல்லன்னா கம்மியாயிடும். ஏழாம் மாசத்துல இன்னா அவசரம்?"

குடித்தேன். வலி நிஜமாகவே அடங்கியது. மத்தியானம் சோறு தின்று நன்றாகத் தூங்கினேன்.

மாமியார் மேல் எனக்குக் கோபம் இல்லை. வலி கூடுகிறதா குறைகிறதா என்பது மாதம் நிறைந்தவளுக்குப் பார்க்கும் சோதனை. ஏழாம் மாதத்தில் வந்து வந்து போகும் வலியே ஆபத்துதான் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? ஆஸ்பத்திரியில் என்னை மட்டும்தான் உட்காரவைத்துப் பேசினார்கள். அவர் எப்போதும் வெளியே பெஞ்சில்தான் இருந்தார்.

சாயங்காலம் நீர் கசிந்தது. பஸ்ஸுக்கு நிற்காமல் ஆட்டோ பிடித்தோம். எங்கள் ஊர் வடக்கனந்தலிலிருந்து கள்ளக்குறிச்சி அப்படி என்ன தூரம்? டாக்டர் ஸ்டீராய்டு ஊசி (குழந்தையின் நுரையீரலைச் சீக்கிரம் பக்குவப்படுத்துவது) போட்டார். "இது நல்லா வேலை செய்ய ஒரு நாளாவது ஆகும்மா. காலையிலேயே வந்திருக்கலாமே," என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அன்றிரவே பெண் பிறந்தாள். இரண்டு நாள் மூச்சுக்குத் திணறினாள். அப்புறம் இல்லை.

பக்கத்துக் கட்டிலில் கல்வராயன் மலையிலிருந்து வந்த பெண். அவளுக்கும் ஏழாம் மாதத்திலேயே பிரசவம். குழந்தை இன்குபேட்டரில் குழாய் வழியாகப் பால் எடுத்துக்கொண்டிருந்தது. வலி வந்ததும் என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"லேசா வலிச்சதுமே கிளம்பிட்டன்க்கா. மலையிலேர்ந்து இறங்கறதுக்கே பாதி நாள் பூடும். பார்த்துக்கினு ஒக்கார முடியுமா?"

தூரம் என்பதால் அவள் கிளம்பிவிட்டாள். எப்போது வேண்டுமானாலும் போய்க்கொள்ளலாம் என்று நான் இருந்துவிட்டேன். சீக்கிரம் போயிருந்தால் என் குழந்தை பிழைத்திருக்கும் என்று டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஒரு வாய்ப்பு இருந்திருக்கும் என்றார். அந்த ஒரு வாய்ப்புதான் என்னைத் தின்கிறது.

இதைப் படிக்கும் உங்களுக்கு இப்போது ஏழாம் மாதம் என்றால், சீரகத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பாட்டிலில் ஊற்றிக்கொண்டு, ஆட்டோவில் ஏறிக் குடியுங்கள். மாமியாரையும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு வருடம் ஆகிறது. மாதவிலக்கு வலி லேசாகத் தொடங்கினாலே உடம்பு என்னைக் கேட்காமல் எழுந்துகொள்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறேன்.

"இன்னா, எங்க கிளம்பிட்ட?" என்கிறார் கணவர்.

"வலிக்குது."

அவர் கை சட்டென்று வண்டிச் சாவிக்குப் போகிறது. பாதியில் நின்றுவிடுகிறது.