பின்னோக்கி நடக்கும் உருவம்

வீட்டுக்கு யார் வந்தாலும் என் தம்பி பரிதி முகத்தைப் பார்க்க மாட்டான், காலைத்தான் பார்ப்பான். அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவதற்குள், எந்தக் காலில் பாரம் போடுகிறார்கள், எந்த முட்டி மடங்கவில்லை என்று கவனித்துவிடுவான். அவனுக்குத் தசை நோய். ஒன்பது வயதில் நடை நின்றுபோனது. அவனைத் தூக்கி உட்கார வைக்க வீட்டில் ஆள் வேண்டும். அம்மா வயலுக்குப் போயாக வேண்டும். அதனால் நான் எட்டாம் வகுப்போடு நின்றேன்.

எங்கள் ஊர் சீர்காழிக்குப் பக்கம். கும்பகோணத்திலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. பரிதி அதில் வீடியோ கேம் விளையாடினான். பிறகு கேமைப் பிரிக்கவும் கற்றுக்கொண்டான். அதில் வரும் ஆட்களையெல்லாம் மூட்டையாகக் கட்டித்தான் உள்ளே வைத்திருப்பார்களாம். மூட்டையை அவிழ்க்க ஒரு சாஃப்ட்வேர் வைத்திருந்தான். அவிழ்த்தால் சிப்பாய் ஒருவன் இரண்டு கைகளையும் நீட்டியபடி அசையாமல் நிற்பான். கண் தனியாக வரும், பல் தனியாக வரும், தோல் துணி மாதிரி தட்டையாகக் கிடக்கும். உள்ளே எலும்புகள். உடையையும் முகத்தையும் மாற்றி, திரும்பக் கட்டி இணையத்தில் போடுவான். எங்கெங்கோ இருக்கிறவர்கள் எடுத்து விளையாடுவார்கள்.

போன வருடம் சம்பா நடவு நடந்தபோது, சிப்பாயின் துப்பாக்கியைப் பிடுங்கிவிட்டு நாற்று முடியைக் கொடுத்தான். சேலை கட்டிவிட்டான். அம்மாவைக் கூப்பிட்டு, "இது நீதான்" என்றான்.

"எனக்கு மீசை இருக்கேடா!"

"மூஞ்சிக்கு இன்னும் வரலம்மா. மொதல்ல காலு."

"காலா நடுது? கைதாண்டா நடுது."

"நீ பின்னாலயே போற பாரு, அது வேணும். கேம்ல முன்னால நடக்குறதையே திருப்பி ஓட்டி வச்சிருக்கான். எந்த மனுசன் அப்படி நடப்பான்?"

அம்மா முற்றத்தில் குனிந்து, நாற்று இல்லாமலே நட்டுக்கொண்டு பின்னால் போனார். கோழிக்கூண்டில் இடித்து உட்கார்ந்தார். பரிதி சிரித்து மூச்சு வாங்கினான். "சேறு இல்லாம காலு எப்படிடா வரும்?" என்றார் அம்மா.

மறுநாள் நான் போனை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். நடவுப் பெண்கள் சும்மா விடவில்லை. "என்ன தாமர, ஆத்தாளை சினிமாவுல சேக்கப் போறியா? எங்களையும் சேத்துவுடு!" நான் தலை நிமிராமல் அம்மாவின் கால்களை மட்டும் படம் பிடித்தேன். அதில் பரிதி கண்டது இதுதான்: சேற்றில் பின்னால் வைக்கும்போது விரல்கள் முதலில் இறங்குகின்றன, குதிகால் பிறகு. வலது கால் வெளியே வரச் சற்று நேரம் பிடிக்கிறது.

அப்போதே அவனுக்கு அசைகிற விரல்கள் வலது கையில் இரண்டுதான் மிச்சம். அவை நிற்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று உருவத்தின் கால்களில் ஒவ்வொரு எலும்பாகத் திருப்பிக்கொண்டிருந்தான். ஐப்பசியில் இடது கால் முடிந்தது. அந்தக் காலை மட்டும் பார்த்தால் அம்மாதான்.

மார்கழியில் ஆள்காட்டி விரல் மவுஸை அழுத்தவில்லை.

"அக்கா, நீ அழுத்து. நான் சொல்றேன்."

நான் அழுத்தினேன். "இன்னும் கொஞ்சம். இன்னும். போதும்... போதும்க்கா!" உருவத்தின் முட்டி வெளிப்பக்கம் மடங்கியது. அழித்துவிட்டு மறுபடி செய்தோம். பல நாட்கள் செய்தோம். ஒரு நாள் அவனே நிறுத்தினான்.

"விடுக்கா. உன் மேல தப்பில்ல. எந்த எடத்துல நிறுத்தணும்னு விரலுக்குத்தான் தெரியும். எனக்கு வாயால சொல்லத் தெரியல."

"நாளைக்குப் பாப்போம்டா" என்றேன்.

பொங்கல் கழிந்து அவனுக்கு மூச்சுத் திணறல் வந்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். திரும்பி வந்த பிறகு ஒருநாள் அம்மா அந்த உருவத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒரு காலு நல்லாத்தான் போவுது" என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டார். கட்டிலில் பரிதி கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தூங்கவில்லை.

இப்போது அவனுக்கு எந்த விரலும் அசைவதில்லை. இரவில் மூச்சுக்கு முகமூடி வைக்கிறோம். அந்த உருவத்தை அவன் இணையத்தில் போடவில்லை, போடச் சொல்லவும் இல்லை. அதற்கு இடது கால் பின்னால் போகிறது. வலது கால் நின்ற இடத்திலேயே நிற்கிறது.