கேஸ் டியூபுக்குப் போட்ட கட்டு

சம்பூர்ணத்துக்குப் பாம்பு என்றால் பயமில்லை. எங்கள் கூடுவாஞ்சேரித் தெருவில் யார் வீட்டுக்குள் பாம்பு புகுந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவோம். ஆனால் கேஸ் அடுப்பு வந்த நாளிலிருந்து, அந்தச் சிவப்பு சிலிண்டரைப் பார்த்தாலே நாலடி தள்ளி நிற்பாள். பக்கத்து வீட்டுக்காரியான நான் எவ்வளவோ கேலி செய்திருக்கிறேன்.

2001 மழைக்காலத்தில் எலி கேஸ் டியூபைக் கடித்து வைத்தது. அவள் புருஷன் சுப்பிரமணி டெம்போ ஓட்டுகிறவன். அதற்கு முன் ஊரில் பயிர் வைத்தவன். வயல் மோட்டாரின் ஓஸ் குழாய் ஓட்டையானால் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிக் கட்டுவதுதான் அவனுக்குத் தெரிந்த வைத்தியம். இதற்கும் அதையே கட்டினான்.

"மாமா, வேற டியூப் வாங்கியாந்துடேன். எனுக்கு பயமா கீது."

"அஞ்சு எச்பி மோட்டாரு தண்ணியே இந்தக் கட்டுல நின்னுச்சுடி. காத்து இன்னா பண்ணிடும்?"

தண்ணீர் ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும், காற்று ஒழுகினால் தெரியுமா? இதை அவள் என்னிடம் வந்துதான் கேட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், மழைக்குச் சன்னலெல்லாம் சாத்தியிருந்தது. குழந்தை அனு சமையலறை வாசலில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு சம்பூர்ணம் உள்ளே நுழைந்ததும் நாற்றம் குப்பென்று அடித்தது. சளியில் மூக்கடைத்திருந்த சுப்பிரமணிக்கு ஒன்றும் தெரியவில்லை. விளக்கு வைக்கிற நேரமாயிற்றே என்று, சமையலறை சாமி மாடத்தின் முன்னால் தீக்குச்சியைக் கையில் எடுத்துவிட்டான்.

"யோவ்!"

அவனை மாமா என்றல்லாமல் வேறெப்படியும் கூப்பிட்டறியாதவள் போட்ட அலறல் அது. குடத்துத் தண்ணீர் முழுக்க அவன் மேல் விழுந்தது. தீப்பெட்டி நனைந்து போனது.

"கேஸுய்யா! புள்ளையத் தூக்கிகினு ஓடு! லைட்டு சுச்சத் தொடாத!"

சத்தம் கேட்டு நான் ஓடினேன். சொட்டச் சொட்ட நனைந்து, குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு சுப்பிரமணி தெருவில் நின்றான், பல் தந்தியடித்தது. அவள் மட்டும் வெளியே வரவில்லை. வாசலில் நின்று அவள் பேரைச் சொல்லிக் கத்தினேன். ரெகுலேட்டரை மூடி, சன்னலையும் பின்கதவையும் திறந்துவிட்டுத்தான் வந்தாள். வந்தவள் அனுவை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் நானும் அங்கே இருந்தபோது கேஸ் ஏஜென்சி ஆள் வந்தார். "கேஸ் டியூபுக்கு யாராவது ஒட்டு போடுவாங்களாய்யா? மாத்தத்தான் வேணும்" என்று திட்டிக்கொண்டே பழையதைக் கழற்றி எறிந்தார். புதியதை மாட்டி, இரண்டு முனையிலும் கிளிப்பை முறுக்கி, கேஸைத் திறந்து சோப்புத் தண்ணீர் தடவிக் காட்டினார். ஒரு குமிழிகூட வரவில்லை.

"இப்ப பத்த வைம்மா."

அவள் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டாள். "மாமா, அனுவத் தூக்கிகினு தெருவுக்குப் போ. அண்ணாத்த, நீயும் போ. அக்கா, நீயுந்தான்."

இன்றைக்கும் சிலிண்டர் மாற்றுகிற நாளெல்லாம் இதே கூத்துதான். நாங்கள் தெருவில் நின்று சிரிப்போம். உள்ளே அவள் ஒருத்திதான் இருப்பாள். "பத்திகிச்சு, வாங்க" என்று அவள் குரல் வரும்வரை, சிரிக்கிற எங்களில் ஒருத்தரும் படியேறுவதில்லை.