ஒரே டேங்கில் ஆயிரம் கிலோமீட்டர்

என் வீட்டுக்காரரை எங்கள் தாமானில், குடியிருப்பில், எல்லாரும் மாட்டுவண்டி என்றுதான் சொல்வார்கள். அவர் காதிலும் அது விழும். சிரித்துக்கொள்வார். "பதறாத காரியம் சிதறாது" என்பார். அவரிடம் இருந்தது ஏழு பேர் உட்காரும் பெரிய டீசல் எஸ்யூவி. பார்த்தால் மலையே ஏறிவிடும் போல இருக்கும். அதை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் இடது ஓரமாக, பாமாயில் லாரிக்குப் பின்னால், தொண்ணூறில் போவார்.

முன்பெல்லாம் அப்படி இல்லை. டீசலுக்கு அரசாங்கம் கொடுத்துவந்த சலுகையை எடுத்து, ஒரே ராத்திரியில் விலை எகிறியதே, அதற்குப் பிறகு பிடித்த பைத்தியம் இது. ஜோகூர் பாருவில் நாங்கள் இருக்கும் தம்போயிலிருந்து தினமும் சிம்பாங் ரெங்கம் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய் வந்தார். அதனால் சோதனை செய்து பார்க்கச் சாலையும் நேரமும் அவருக்கு நிறையக் கிடைத்தன. ஒரு வாரம் முழுக்கத் தொண்ணூறில் ஓட்டுவார். அடுத்த வாரம் நூற்றுப் பத்து. டேங்கை வாய்வரை நிரப்பி, ஓடவிட்டு, மறுபடி வாய்வரை நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்ப்பார்.

வண்டியை விற்றவர்கள் சொன்ன கணக்கு எந்த வேகத்திலும் வரவில்லை. அது அவருக்கு முதல் அடி. தொண்ணூறில் லிட்டருக்குப் பதின்மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வந்தது. நூற்றுப் பத்தில் பதினொன்று. ஒருநாள் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று நூற்று முப்பதில் பறந்திருக்கிறார். ஒன்பதைத் தொட்டதும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. "பொட்டி மாதிரி வண்டி. காத்தத் தள்ளறதுக்கே பாதி எண்ணெய் போவுது" என்று புலம்பினார். எழுபதில் எல்லாவற்றையும்விட நன்றாக வந்ததாம். ஆனால் பின்னால் வந்த லாரிக்காரர்கள் ஹார்ன் அடித்தே கொன்றுவிட்டார்கள். அதனால் தொண்ணூறு என்று முடிவானது.

என்னை யாரும் பாவம் என்று நினைக்க வேண்டாம். நானும் அதில் கூட்டாளிதான். எனக்கும் அந்தக் கணக்கு பிடித்துப்போனது. பள்ளிக்கூடத்தில் கணக்கென்றாலே ஓடி ஒளிந்த எனக்கு, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு இத்தனை லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வாயாலேயே சொல்ல வந்துவிட்டது. ஏர்கானை எப்போது குறைக்க வேண்டும், மேட்டுக்கு முன்னால் எங்கே காலை எடுக்க வேண்டும் என்றெல்லாம் நானே சொல்வேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து விளையாடிய ஒரே விளையாட்டு அது. சொந்தக்காரர்கள் கேலி செய்தால் அவருக்கு முந்திக்கொண்டு நான் சண்டைக்குப் போவேன். "வேகமாப் போயி என்னத்த வெட்டி முறிச்சீங்க?" என்று கேட்பேன். எவ்வளவு பெரிய முட்டாளாக இருந்திருக்கிறேன்.

இதே வண்டி வைத்திருக்கிறவர்கள் கைத்தொலைபேசியில் ஒரு குழு வைத்திருந்தார்கள். ஜோகூர் மாநிலம் முழுக்க ஆட்கள் உண்டு. டயர், பிரேக் என்று ஆரம்பித்த பேச்சு கடைசியில் ஒரு போட்டியில் வந்து நின்றது. ஒரு முறை டேங்கை நிரப்பி, நடுவில் ஒரு சொட்டுகூட ஊற்றாமல், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். ஓட்டியதும் மீட்டரைப் படம் பிடித்துக் குழுவில் போட வேண்டும். அதுவரைக்கும் இரண்டு மூன்று பேர்தான் தொட்டிருந்தார்கள். இவர் பலமுறை முயன்று, ஜோகூர் பாரு ஜாமில் மாட்டி, தொள்ளாயிரத்துச் சொச்சத்தில் எண்ணெய் தீரப்போகிற வெளிச்சம் எரிந்து தோற்றுப்போவார். தோற்ற அன்றைக்கு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார். நான் டீ போட்டுக் கொடுத்து, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று தேற்றுவேன்.

என் அம்மா லாபிஸில் அண்ணன் வீட்டில் இருந்தது. படுத்த படுக்கையாகிச் சில மாதம் ஆகியிருந்தது. ஒருமுறை இன்றோ நாளையோ என்று எல்லாரையும் வரவழைத்துவிட்டு, மறுநாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டது. நாங்களும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தோம். அதனால் அடுத்து அண்ணனின் போன் வந்தபோது முதலில் எனக்கு அவ்வளவாகப் பதறவில்லை. மத்தியான நேரம். அண்ணனின் குரல்தான் வேறு மாதிரி இருந்தது.

"பால் ஊத்த ஆரம்பிச்சிட்டோம். எல்லாரும் ஊத்தியாச்சு. கண்ணு வாசலையே பாக்குது. ஒனக்காகத்தான் இழுத்துக்கிட்டு இருக்கு. சீக்கிரம் வாங்க" என்றார்.

போகிற உயிருக்குப் பெற்ற பிள்ளைகள் ஆளுக்கொரு கரண்டி பால் ஊற்ற வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதைக் குடித்துவிட்டால் ஆத்மா நிம்மதியாகப் போகும் என்பார்கள். ஒரு பிள்ளை பாக்கி என்றால் உயிர் அந்தப் பிள்ளைக்காகக் காத்துக் கிடக்கும். அம்மாவுக்கு நாங்கள் இரண்டே பேர். அண்ணன் ஊற்றியாகிவிட்டது. நான்தான் பாக்கி.

என் வீட்டுக்காரர் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தார். கட்டியிருந்த சேலையோடு ஏறி உட்கார்ந்தேன். டோல் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும், எப்போதும் போல இடது ஓரம் ஒதுங்கினார். தொண்ணூறு. எங்களைத் தாண்டிச் சின்னச் சின்னக் கார்களெல்லாம் சர் சர்ரென்று போயின. ஒரு காய்கறி வேன்கூடப் போயிற்று.

"என்னங்க, இன்னைக்காச்சும் கொஞ்சம் அழுத்துங்க" என்றேன்.

"எண்ணெய் கம்மியா இருக்கு. அழுத்துனா குடிச்சிடும். நடுவுல ஸ்டேஷன்ல நிக்கணும். அங்க லாரி வரிச எப்படி இருக்கும்னு ஒனக்குத் தெரியாதா? நிக்காம இப்படியே போனாதான் சீக்கிரம் போய்ச் சேருவோம்" என்றார்.

நியாயமாகத்தான் இருந்தது. வேறு பெண்ணாக இருந்தால் எண்ணெயாவது மண்ணாவது, அழுத்து என்று கத்தியிருப்பாள். எனக்குக் கணக்கு தெரியுமே. வரிசையில் நின்றால் கால் மணி நேரம் போய்விடும், தொண்ணூறில் போனால் அது மிச்சம் என்று மனசே கூட்டிக் கழித்துச் சொல்லிவிட்டது. என் பக்கத்திலிருந்து எண்ணெய் முள் தெரியாது. எட்டிப் பார்க்கவும் எனக்குத் தோன்றவில்லை. அவர் சொன்னால் சொன்னதுதான்.

ஏதோ நம்மால் ஆனது என்று ஏர்கானை நானே அடைத்தேன். அது கொஞ்சம் எண்ணெய் இழுக்கும், அடைத்தால் இன்னும் கொஞ்ச தூரம் ஓடும் என்ற நினைப்பு. சுள்ளென்று வெயில். கண்ணாடியை இறக்கப் போனேன். "எறக்காத, காத்து இழுக்கும்" என்றார். இறக்காமல் விட்டேன். வேர்வையும் கண்ணீருமாக முந்தானை நனைந்துபோயிற்று. சிம்பாங் ரெங்கம் தாண்டி, யோங் பெங்கில் இறங்கி, லாபிஸ் சாலையில் திரும்பும்வரை அப்படியே அவிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏர்கானைப் போட்டுக்கொள் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பெல்லாம் எரிகிறது.

நாங்கள் போய் இறங்கியபோது வாசலில் அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துகொள்ளவில்லை. அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"இப்பத்தாம்மா. பத்து நிமிஷம் இருக்கும்" என்றார்.

அம்மாவின் கை சூடாகத்தான் இருந்தது. அண்ணி கரண்டியை என் கையில் கொடுத்து, பரவாயில்லை ஊற்று என்றார். ஊற்றினேன். பால் உள்ளே போகவில்லை. கடைவாயில் வழிந்து தலையணையில் இறங்கியது. நான் அதை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தேன். அண்ணிதான் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? அன்றைக்கு நான்தான் என் வீட்டுக்காரரைத் தேற்றினேன். அவர் ஒரு மூலையில் நின்று அழுதார். நிஜமான அழுகைதான். "நீங்க என்ன செய்வீங்க, எண்ணெய் இல்லாத வண்டிய வச்சிக்கிட்டு. எல்லாம் விதி" என்று அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். வந்தவர்கள் போனவர்களிடமெல்லாம் பாவம் அவர் எவ்வளவு பதறினார் என்று சொன்னேன். சாமான் வாங்க ஓடியதெல்லாம் அண்ணனின் வேனில்தான். எங்கள் வண்டியில் எண்ணெய் இல்லை என்று இவர் சொல்லிவிட்டார். இறுதிச் சடங்கு முடிந்து தம்போய்க்குத் திரும்பியபோது கண்ணை மூடிச் சாய்ந்தே வந்தேன். வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனில் எண்ணெய் ஊற்ற நிறுத்தினார். தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்குக்கு முன்னால் குனிந்து என்னவோ செய்தார். யாருக்கோ செய்தி அனுப்புகிறார் என்று நினைத்து மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு லாபிஸுக்கே எல்லாரும் வந்திருந்தார்கள். அந்த வண்டிக் குழுவிலிருந்தும் ஒரு தம்பி வந்திருந்தான். நல்ல பையன், அடுத்த ஊர்க்காரன். இலையில் உட்கார்ந்திருந்தான். நான் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல் அவனுக்குத் தெரிந்ததைப் பேசினான்.

"அம்மா விஷயம் கேட்டு மனசு கஷ்டமா போச்சுக்கா. ஆனா ஒங்க வீட்டுக்கார அண்ணன் கெட்டிக்காரரு லா. எத்தன தடவ முட்டினாரு. கடைசில இந்த லாபிஸ் வந்து போனதுலதான் ஆயிரம் தொட்டுச்சாம். நடுவுல ஒரு சொட்டு ஊத்தல. குரூப்ல எல்லாரும் அசந்துட்டாங்க."

எனக்குள் அவர் சொல்லிக் கொடுத்த கணக்கே ஓடியது. தம்போயிலிருந்து லாபிஸுக்கு வந்து, திரும்பத் தம்போய் போய்ச் சேர்கிறவரைக்கும் எண்ணெய் இருந்திருக்கிறது. அப்படியென்றால் அம்மா காத்துக் கிடந்த அந்த மத்தியானம், வெறுமனே வந்துசேரத் தேவையானதுபோல இரண்டு மடங்கு டேங்கில் கிடந்திருக்கிறது. நூற்றுப் பத்தில் வந்திருந்தாலும் தாராளம். நூற்று இருபதில் வந்திருந்தாலும் எங்கும் நிற்க வேண்டியதில்லை. அழுத்தியிருந்தால் அதிகமாகப் போயிருப்பது இரண்டு மூன்று லிட்டர். கடுகு போன இடத்தை ஆராய்கிறவனுக்குப் பூசணிக்காய் போன இடம் தெரியாது என்பார்கள். இவருக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தே என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்.

பாயச வாளியை அங்கேயே வைத்துவிட்டு அவரைத் தேடிப் போனேன். வீட்டுக்குப் பின்னால் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு வண்டியில எண்ணெய் இருந்துச்சா இல்லையா?" என்று கேட்டேன்.

குழாயை மூடினார். மெதுவாகத்தான் மூடினார்.

"யார் என்ன சொன்னா?"

"இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு" என்றார். "ஆனா நீ நெனைக்கிற மாதிரி இல்ல. ஆயிரத்துக்குக் கொஞ்சந்தான் பாக்கி. அத்தை முன்னயும் இப்படித்தான் கெடந்து எழுந்து ஒக்காந்தாங்க. இந்தத் தடவையும் இருப்பாங்கன்னு நெனச்சேன். பத்து நிமிஷத்துல என்ன ஆயிடப் போகுதுன்னு நெனச்சேன்."

என் பின்னால் அண்ணி வந்து நின்றதை நான் பார்க்கவில்லை. அவர் குரல்தான் கேட்டது. "உயிர் போறதுக்கு முன்ன கடைசிப் பத்து நிமிஷமும்தான் வந்துட்டாளா, வந்துட்டாளான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் இவரை அடிக்கவில்லை, சபிக்கவும் இல்லை. அண்ணன் வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். இன்னொரு பொண்டாட்டி, இன்னொரு குடும்பம் என்று ஏதாவது தெரியவந்திருந்தால் ஊரைக் கூட்டி மானத்தை வாங்கியிருப்பேன். இதை எப்படி ஊரில் சொல்வது? தொண்ணூறில் ஓட்டினார் என்று சொன்னால் யார் கோபப்படுவார்கள்? நல்லபடியாக ஓட்டியிருக்கிறார் என்றுதான் சொல்வார்கள்.

அன்று சாயங்காலமே தம்போய்க்குக் கிளம்பினோம். யோங் பெங்கில் நெடுஞ்சாலை ஏறியதும் வண்டி உறுமியது. பார்த்தால் வலது ஓரத்துக்கு வந்துவிட்டார். நூற்றுப் பத்து, நூற்று இருபது என்று ஏறியது. ஏர்கானை என் பக்கம் திருப்பி முழுசாக வைத்தார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர். அழுத்துகிற காலால் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. லாரிகள் எல்லாம் எங்களுக்குப் பின்னால் போயின.

"இப்படியே போனா இருட்டுறதுக்குள்ள வீட்டுல இருக்கலாம்" என்றார்.

"எதுக்கு? அங்க யாரு எனக்காக இழுத்துக்கிட்டு கெடக்கா?" என்று கேட்டேன்.