நாற்பத்திரண்டாவது சொல்

இது நடந்தது. கதை கட்டி ஊரைப் பயமுறுத்த எனக்கு நேரமும் இல்லை, ஆசையும் இல்லை. 1934, மே 13, ஞாயிற்றுக்கிழமை, அமாவாசை. மணியையும் நிமிடத்தையும் சேர்த்தே சொல்கிறேன். அன்றே நோட்டில் குறித்து வைத்திருந்தேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என்னை நம்பாதவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது.

என் பெயர் தேவகிருபை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சர். அப்போது வயது முப்பத்துநாலு, கல்யாணம் ஆகவில்லை. லீவு விட்டால் மற்ற டீச்சர்கள் சொந்த ஊருக்குப் போவார்கள். நான் ராஜபாளையத்துக்கு ரயிலேறி, அங்கிருந்து வண்டி பிடித்து, தேவதானத்துக்கு மேலே மலைக்கு நடந்துவிடுவேன். அங்கே ஒரு சின்னக் குடி இருந்தது. தங்கள் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், அதனால் எழுதவில்லை. அவர்களுக்கென்று ஒரு மொழி. அதைப் பேசத் தெரிந்தவர்கள் மொத்தம் பதினொரு பேர். அந்தப் பதினொரு பேரிடமும் ஆறு வருஷமாகச் சொல் சொல்லாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஊரில் எனக்குக் 'குரங்கு பாஷை டீச்சர்' என்று பட்டம். வைத்தவர்களுக்கு வேறு வேலை இல்லை.

சென்னையில் மொழிகளைத் தொகுத்து அச்சிடும் குழு ஒன்று இருந்தது. அதன் தலைவர் எனக்குக் கடிதம் எழுதினார். 'இது தனி மொழி அன்று. காட்டுக் கொச்சை. அறுநூறு சொற்கள்கூட இல்லாத ஒன்றை மொழி என்று எங்கள் தொகுதியில் சேர்ப்பதற்கில்லை.' என் நோட்டில் ஐந்நூற்று எழுபத்தெட்டுச் சொற்கள் இருந்தன. கடிதத்தைப் படித்துவிட்டு அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அவ்வளவு ஆத்திரம். மிச்சச் சொற்கள் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். தேன் பாறையில் இருந்தன.

அதை விளக்கிவிடுகிறேன். தேன் எடுப்பவர் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாறையில் இறங்குவார். அமாவாசை இருட்டில்தான் இறங்குவார்கள், நிலா இருந்தால் தேனீ விடாது. மேலே கயிற்றுக்குக் காவல் அவர் மனைவியின் கூடப்பிறந்தவன். தன் தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் சம்மதிக்கமாட்டான் அல்லவா. இறங்குபவர் தன் கையில் படுவதையெல்லாம் பெயர் சொல்லிக் கூவுவார். ஈரக்கல், வெடிப்பு, வேர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல். மேலே இருப்பவர் அதே சொல்லைத் திருப்பிக் கூவ வேண்டும். அப்படிக் கூவினால் கயிறு காவலில் இருக்கிறது என்று பொருள். கூவியதற்குப் பதில் வராவிட்டால், மேலே ஆள் இல்லை. கயிற்றை இனி நம்பக் கூடாது. கீழே இருப்பவர் அதை விட்டுவிட்டுப் பாறையைப் பற்றிக்கொள்ள வேண்டும். இதுதான் அவர்கள் சட்டம். அப்படிப் பற்றியவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்தச் சொற்களைத் தரையில் நின்று யாரும் சொல்லமாட்டார்கள். பெண்கள் எங்கேயுமே சொல்லக் கூடாது. கயிற்றின் பக்கமே போகக் கூடாது. ஆறு வருஷம் கெஞ்சிய பிறகு முத்துவீரன் என்ற தேன்காரர் மனம் இறங்கினார்.

"எம் பிள்ளைக இப்பவே கீழ்நாட்டுப் பேச்சுத்தான் பேசுதுக. வந்து எழுதிக்கிடுங்க டீச்சரம்மா. ஆனா வாயத் தொறக்கப்படாது."

சரி என்றேன்.

அன்று மாலை மூன்று பேர் பாறையின் உச்சியில் இருந்தோம். முத்துவீரன், அவர் மைத்துனர் கண்ணுச்சாமி, நான். கயிற்றை ஒரு மரத்தில் சுற்றி, மீதியைக் கண்ணுச்சாமி கையில் பிடித்திருந்தார். ஆள் இறங்க இறங்க அவர்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். வெளிச்சம் ஆகாது என்பதால் விளக்கு கிடையாது. இருட்டில் எழுதப் பழகியிருந்தேன். இடது கட்டைவிரலை வரிக்கு அடையாளமாக வைத்துக்கொள்வேன். என் ரேடியம் கடிகாரத்தின் முள் மட்டும் பச்சையாகத் தெரிந்தது.

7.05. முத்துவீரன் புகைப்பந்தத்துடன் இறங்கினார்.

7.09. முதல் சொல். "ஒசெ!" கண்ணுச்சாமி திருப்பிக் கூவினார், "ஒசெ!" நான் எழுதினேன். அந்தச் சொல்லை வெளியாள் ஒருத்தி காகிதத்தில் ஏற்றுவது அதுதான் முதல் தடவை என்று நினைத்துக்கொண்டேன்.

7.16க்குள் ஆறு சொற்கள் வந்துவிட்டன.

பிறகு ஒன்றும் வரவில்லை.

கீழே தேனீக்களின் இரைச்சல் மட்டும் கேட்டது. கயிறு லேசாக ஆடியது. கண்ணுச்சாமி குனிந்து பார்த்தார். இருட்டில் என்ன தெரியும்? "கூடு கிட்ட வந்துட்டாரு போல" என்றார். அவர் குரலில் அத்தனை நிச்சயம் இல்லை.

7.22. கூவல் மறுபடியும் வந்தது.

குரல் கரகரப்பாக இருந்தது. புகை தொண்டையில் ஏறியிருக்கும் என்று நினைத்தேன். கண்ணுச்சாமி திருப்பிச் சொன்னார். ஏழாவது சொல். அடுத்தது எட்டு. ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் கண்ணுச்சாமியின் குரல் இறங்கிக்கொண்டே போனது. பத்தாவதை முணுமுணுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு கயிற்றை இழுத்துத் தடவிப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார்.

"டீச்சரம்மா... கயிறு எறங்கவே இல்ல."

"என்னது?"

"ஆறாஞ் சொல்லுக்குப் பொறவு ஒரு முழங்கூட நான் விடல. ஆளு அதே எடத்துலதான் தொங்குதாரு. ஆனா சத்தம் எறங்கிக்கிட்டே போவுதே..."

கேட்டேன். உண்மைதான். குரல் ஆழத்திலிருந்து வந்தது. கயிற்றின் நுனிக்கும் வெகு கீழே.

அது மறுபடி கூவியது.

கண்ணுச்சாமி பதில் சொல்லவில்லை.

"இது மாப்பிள்ள இல்ல" என்றார். "நான் சொல்லமாட்டேன். சொன்னா மேல வந்துரும்."

"சொல்லாட்டி முத்துவீரன் கயித்த விட்டுருவாரே!"

"என்னால ஏலாது..."

கூவல் வந்தது. அதே சொல். இரண்டாம் தடவை.

எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. கீழே ஒரு மனிதர் உயிரைக் கயிற்றில் கட்டித் தொங்குகிறார். அவருக்குத் தேவை ஒரே ஒரு சொல். அது என் நோட்டில் இருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமாம்! சென்னைக்காரர் மூடு என்றார், ஊர் மூடு என்றது, இப்போது இந்தப் பாறையுமா?

போதும் என்று தோன்றியது. விளிம்புக்குப் போய்க் கத்தினேன். பதினோராவது சொல்லை என் குரலில் கத்தினேன்.

அமைதி.

தேனீ இரைச்சல்கூட நின்ற மாதிரி இருந்தது.

பிறகு...

அடுத்த சொல் வந்தது. உடனே. திருப்பிச் சொன்னேன். இன்னொன்று. சொன்னேன். இன்னொன்று. பல நாள் தாகத்தில் கிடந்தவன் தண்ணீர் குடிக்கிற அவசரம் அந்தக் குரலில் இருந்தது. எனக்கு எழுதவே நேரம் இல்லை. ஆனாலும் எழுதினேன். ஒன்றையும் விடவில்லை.

7.48. கயிறு மூன்று முறை வெட்டி இழுத்தது.

தூக்கச் சொல்லும் அடையாளம் அது. கண்ணுச்சாமி இழுத்தார். பலம் போதவில்லை. நோட்டைப் போட்டுவிட்டு நானும் பிடித்தேன்.

அப்போது கீழேயிருந்து அடுத்த சொல்...

"நெகா!"

எனக்கு மூச்சு இல்லை.

"நெகா..."

இரண்டு கையும் கயிற்றில்.

"நெகா......"

பதில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அது கூப்பிடவில்லை.

முத்துவீரன் மேலே வந்தார். முகம் அடையாளம் தெரியாத அளவுக்கு வீங்கியிருந்தது. வாயைத் திறந்து காட்டினார். நாக்கு வாய் கொள்ளாமல் தடித்திருந்தது. ஒரு எழுத்துகூடப் பேச முடியவில்லை.

வீக்கம் வடிய மூன்று நாள் ஆயிற்று. நானும் ஊர் திரும்பாமல் அங்கேயே இருந்தேன். மூன்றாம் நாள் அவர் பேசினார்.

"ஆறாஞ் சொல்லோட நாக்குல கொட்டிருச்சு டீச்சரம்மா. பொறவு நான் எங்கிட்டுக் கூவ?"

"அப்ப கூவினது யாரு?"

"யாரும் கூவலையே. தேனீச் சத்தந்தான். மேல மச்சான் சத்தம் செத்த நேரம் கேட்டுச்சு. பொறவு நீங்க. நான் கூவாமலே நீங்க பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே இருந்தீய. எனக்குக் கண்ணு சொக்குது, கை நழுவுது. உங்க சத்தம் வர வர, மேல ஆளு இருக்குன்னு பிடிச்சுக்கிட்டேன்."

கண்ணுச்சாமி தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வாய் திறந்ததற்கு அந்தக் குடியில் ஒருவரும் என்னைத் திட்டவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நானும் எப்படியாவது மறந்திருப்பேன்.

ஜூன் 9, சனிக்கிழமை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு பழைய மிஷன் பங்களாவுக்குப் போனேன். மலை மொழிகளைப் பற்றி வெள்ளைக்காரப் பாதிரி ஒருவர் எழுதிய காகிதங்கள் அங்கே பெட்டியில் கிடப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். பெட்டியில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. மீதியில் ஒரு தாள். 1871. தேவதானத்துக்கு மேலே, தேன் பாறை. எண் போட்ட சொற்பட்டியல்.

முதல் சொல், ஒசெ.

முதல் ஆறு சொற்களும் என் நோட்டில் உள்ள அதே ஆறு, அதே வரிசை. ஏழிலிருந்து நான் கேட்டிராத சொற்கள். பாதிரியின் பட்டியல் நாற்பத்தொன்றில் நின்றிருந்தது. அதன் கீழே இங்கிலீஷில் நாலே வரி:

'மேலே இருப்பவன் ஒவ்வொன்றையும் திருப்பிக் கத்துவதால், கீழே இறங்குபவனின் உச்சரிப்பு தெளிவாகக் கேட்கவில்லை. ஆகவே மேலே இருப்பவனைப் பேசாமல் இருக்கும்படி கண்டிப்பாகச் சொன்னேன். நாற்பத்தொன்றாம் சொல்லை மூன்று முறை தெளிவாகக் கேட்டேன். அதன்பின் கூவல் வரவில்லை.'

அவ்வளவுதான். இறங்கிய அந்த மனிதர் பெயர் இல்லை. என்ன ஆனார் என்று இல்லை. மறுபக்கத்தில் பாதிரி வேறு ஊரின் செடிகளைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டார்.

என் நோட்டை அந்தத் தாளின் பக்கத்தில் வைத்தேன். அன்று 7.22க்கு நான் எழுதிய ஏழாவது சொல்லைப் பார்த்தேன். பாதிரியின் நாற்பத்தொன்றில் அது இல்லை. அதில் கை வைத்ததும் புரிந்தது. அது நாற்பத்திரண்டாவது சொல். நிறுத்திய இடத்திலிருந்து அந்தத் தேன்காரர் மறுபடி இறங்கத் தொடங்கியிருக்கிறார். அறுபத்துமூன்று வருஷம் கழித்து.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அந்தப் பாதிரி மேல் வந்த கோபம், கொஞ்ச நேரத்தில் என் மேல் திரும்பியது. நானும்தானே கடைசிச் சொல்லுக்கு வாய் திறக்கவில்லை.

அன்றைக்கே இரண்டு பட்டியலையும் ஒன்றாகச் சேர்த்தேன். மொத்தம் அறுபத்தைந்து, கடைசிச் சொல் நெகா. பிரதி எடுத்துச் சென்னைக்கு அனுப்பினேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அதைச் சொன்னவர் யார் என்று எழுத வேண்டும் என்பது அவர்கள் விதி. எழுதினேன். 'பெயர் தெரியாது. 1871இல் பாறையில் இறங்கியவர். இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறார்.' பிரதி திரும்பி வந்தது. எனக்கு ஓய்வு தேவை என்று ஒரு குறிப்பும் சேர்ந்து வந்தது. அவர்கள் அச்சிடாவிட்டால் போகட்டும், நான் அச்சிடுவேன்.

ஆனால் அது பின்னால் நடந்தது. ஜூன் 12, செவ்வாய்க்கிழமை, அடுத்த அமாவாசை. பள்ளியில் லீவு தரவில்லை. கேட்டுக்கொண்டு நிற்காமல் போய்விட்டேன். முத்துவீரனும் கண்ணுச்சாமியும் பாறைக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் நின்றுவிட்டார்கள். "வேண்டாம் டீச்சரம்மா" என்றார் முத்துவீரன். "அங்கன கயிறுகூடக் கட்டல."

தனியாக விளிம்புக்குப் போனேன். நோட்டை மடியில் வைத்தேன். கட்டைவிரலை வரியில் வைத்தேன்.

7.31. "நெகா!" என்று கத்தினேன்.

7.32. ஒன்றும் இல்லை.

7.33...

கீழேயிருந்து, போன தடவையைவிட வெகு கீழேயிருந்து, அடுத்த சொல் வந்தது.

திருப்பிச் சொன்னேன். அறுபத்தாறு என்று எண் போட்டு எழுதினேன்.