நான்காம் மாடி விலாக்கறி

புகையில் சுட்ட கறிக்குப் பேர்போன கேன்சஸ் சிட்டியில் புகையில்லாமல், விறகில்லாமல், பிரஷர் குக்கரில் பன்றி விலாவைச் சமைத்தேன் என்று ஒருத்தி வெளியே சொல்லிக்கொள்ள வேண்டுமானால் அவளுக்கு நெஞ்சழுத்தம் இருக்க வேண்டும். ஆர்டெல்லா ப்ரூயிட்டுக்கு அது தேவைக்கு மேலேயே இருந்தது. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். இருபத்திரண்டு வருடமாகப் பனியிலும் மழையிலும் ஓட்டியிருக்கிறாள். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. பின்னால் அறுபது பிள்ளைகள் ஊரைக் கூட்டும்போது பின்புறம் காட்டும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள். அவ்வளவுதான், வண்டி சர்ச் மாதிரி அடங்கிவிடும்.

கணவன் வெர்னான் இறந்துபோன பிறகு, தனி ஆளுக்கு எதற்கு வீடு என்று விற்றுவிட்டு ஒரு குடியிருப்பின் நான்காம் மாடிக்கு வந்தாள். வந்த முதல் வாரமே கதவில் காகிதம் ஒட்டினார்கள்: பால்கனியில் அடுப்பு, கரி, நெருப்பு எதுவும் கூடாது. கோடைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விலாக்கறி சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். இரண்டாம் ஞாயிறும் இருந்து பார்த்தாள். மூன்றாம் ஞாயிறு, பீன்ஸை ஜாடியில் அடைப்பதற்காக வைத்திருந்த கனமான பழைய குக்கரைப் பரணிலிருந்து இறக்கிவிட்டாள்.

முதல் தடவை கறி எலும்பைவிட்டுக் கழன்று கஞ்சியாகிப் போனது. இரண்டாம் தடவை சாஸை உள்ளேயே ஊற்றி அடிப்பிடிக்க வைத்தாள். ஆனால் விட்டுவிடுகிற பிறவியா அவள்? ஒரு குளிர்காலம் முழுக்க அதோடு மல்லுக்கட்டினாள். விலாவின் பின்பக்கத்துச் சவ்வை, துணியால் பிடித்து ஒரே இழுப்பில் உரித்துவிட வேண்டும். பழுப்புச் சர்க்கரை, மிளகாய்த்தூள், கடுகுத்தூள், உப்பு எல்லாம் தடவி ஒரு ராத்திரி ஊற வேண்டும். பத்துப் பன்னிரண்டு எலும்பு சேர்ந்த முழு விலாவைப் படுக்க வைக்காமல் சுருட்டி நிமிர்த்தி நிறுத்த வேண்டும். அடியில் ஒரே ஒரு கோப்பை ஆப்பிள் சாறும் வினிகரும். கறி அதைத் தொடக்கூடாது, ஆவியில்தான் வேக வேண்டும். நேரம் ஆனதும் குக்கரைத் தொடாமல் தானாக அடங்கவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் சாஸ் பூசி, ஓவனில் மேல்நெருப்புக்கு நேர் கீழே தள்ளுவது. விளிம்பு கருகிச் சாஸ் குமிழியிட்டுப் பளபளக்கும். அந்த வாசனைக்கு இரண்டாம் மாடியிலிருந்து ஆள் ஏறி வருவார்கள்.

சர்ச்சில் மட்டும் அது எடுபடவில்லை. எடுபடவிடாமல் செய்தவன் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்த அண்ணன் ரோசெல்.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர்விட்டுப் போன குடும்பங்களெல்லாம் சர்ச்சுக்குத் திரும்பி வந்து கூடுவது வழக்கம். அன்றைக்கு முற்றத்தில் ஆண்கள் விடியலிலிருந்தே புகையடுப்பு மூட்டுவார்கள். ஜெபம் முடிந்ததும் அடுப்புக்குத் தலைவன் முதல் எலும்பை எடுத்து, எல்லாருக்கும் முன்னால் ஒரு கடி கடித்து, எலும்பை உயர்த்திக் காட்டுவான். கறியில் பல் பதிந்த இடம் பிறைநிலா மாதிரி சுத்தமாகத் தெரிய வேண்டும். தெரிந்தால் கைதட்டு, பந்தி ஆரம்பம். இழுத்தால் வராமல் முரண்டு பிடித்தால் வேகவில்லை. மொத்தமும் எலும்பைவிட்டுச் சரிந்து விழுந்தால் வேகவைத்துக் கெடுத்தது. இரண்டுமே மானக்கேடு. ரோசெல் பத்தொன்பது வருடமாக அந்த முதல் எலும்பைக் கடித்து வந்தான். ஒரு வருடம்கூடத் தடம் பிசகியதில்லை.

ஆர்டெல்லா முதன்முதலாகத் தன் தட்டைக் கொண்டுவந்த அன்று, அவன் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "இது பார்பிக்யூ இல்லம்மா, சூப்பு" என்றான். சுற்றி நின்ற ஆண்கள் கெக்கலித்தார்கள். தட்டைக் கறி மேசையிலிருந்து எடுத்துப் பக்கத்து மேசையில் உருளைக்கிழங்கு சாலடுக்கும் கோஸ் சாலடுக்கும் நடுவே வைத்தான். அதோடு பதினோரு வருடம். ஒவ்வொரு வருடமும் அவள் கொண்டுபோவாள். ஒவ்வொரு வருடமும் அது அங்கேதான் இருக்கும். பந்தி முடியும்போது அவள் தட்டு காலியாகத்தான் இருக்கும், அது வேறு விஷயம். ஆனால் ஒருத்தரும் வாய்விட்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை. இவளும் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற மரியாதை யாருக்கு வேண்டும்?

இந்த வருடம், கூடுகைக்கு மூன்று நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை சாயங்காலம், ரோசெல் நான்கு மாடியும் ஏறி அவள் வீட்டுக்கு வந்தான். பதினோரு வருடத்தில் அவன் அவள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே, பாதியா எளைச்சுட்ட?"

"வெயிலு" என்றான் குழறலாக.

"போன வருஷமும் இதே வெயில்தான் அடிச்சுது."

முந்தைய நாள் விலாக்கறி இரண்டு எலும்பு மிச்சமிருந்தது. சூடாக்கி முன்னால் வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை. சோள ரொட்டியைப் பிட்டுப் பாலில் ஊறப்போட்டுக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டான். வாயைக் கையால் மறைத்துக்கொண்டே மென்றான். ஆர்டெல்லா இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளின் திருட்டு முழியைப் பார்த்து வருகிறவள். அவளிடம் இது நடக்குமா?

"கைய எடு. வாயத் தொற."

அவன் வாயைத் திறக்கவில்லை. பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து மேசைமேல் வைத்துப் பிரித்தான். உள்ளே மேலும் கீழுமாக இரண்டு வரிசைப் பல்செட் இருந்தது.

"ஏப்ரல்ல எல்லாத்தையும் புடுங்கிட்டாங்க. இதப் போட்டுக்கிட்டுக் கெட்டியா எதயாவது கடிச்சா உயிர் போகுது. என் கறிய நானே கடிக்க முடியல ஆர்டெல்லா."

"யாருக்குத் தெரியும்?"

"டாக்டருக்கு. இப்ப ஒனக்கு."

"அப்ப நாலு மாசமா என்னதான் சாப்பிடற?"

அவன் சன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "சூப்பு."

ஆர்டெல்லாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொள்ள அவள் மெனக்கெடவும் இல்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவன் பொறுமையாக உட்கார்ந்திருந்தான். அதிலிருந்தே வந்த காரியம் பெரிது என்று அவளுக்குப் புரிந்துபோனது.

"ஞாயித்துக்கெழம நான் கடிக்கலன்னா, அடுப்புல எனக்கு அடுத்து நிக்கிற பாய்கின் கடிச்சுருவான். மூணு வருஷமா அந்த எடத்துக்கு நாக்கத் தொங்கப் போட்டுட்டு நிக்கிறான்" என்றான் ரோசெல். "ஒன் குக்கர்ல ஒரே ஒரு விலா போட்டுக் குடு. மெத்துன்னு இருக்கணும், ஆனா தடம் விழணும். என் தட்டுல என் கறிக்கு மேல வெச்சுக்கறேன். யாருக்கும் தெரிய வேணாம்."

அவள் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. "யாருக்கும் தெரிய வேணாமா?"

"ஆமா."

"பதினோரு வருஷம் என் கறியக் கோஸ் சாலட் பக்கத்துல ஒக்கார வெச்ச. இப்ப அது ஒன் பேர்ல மேல ஏறணுமா? அதெல்லாம் நடக்காது. என் கறின்னு சொல்லு, ஒரு விலா இல்ல, நாலு விலா தரேன்."

"எல்லார் முன்னாலயும் எனக்குப் பல்லு இல்லன்னு சொல்லச் சொல்றியா?"

"நான் பல்லப் பத்திப் பேசல. கறியப் பத்திப் பேசறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். ஒன் கறிய எதுக்குக் கடிக்கிறேன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"நல்லாருக்குன்னு சொல்லேன்."

ரோசெல் கைக்குட்டையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். மாடிப்படியில் அவன் காலடிச் சத்தம் கடைசிவரை கேட்டது. ஆர்டெல்லா அவன் தொடாமல் விட்ட இரண்டு எலும்பையும் நின்றபடியே தின்று தீர்த்தாள். கோபத்தில் அவளுக்குப் பசி எடுக்கும்.

ஆனாலும் வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கறிக்கடையில் போய் நான்கு விலா வாங்கினாள். எப்படியும் பக்கத்து மேசைக்குச் செய்யத்தானே வேண்டும் என்று தனக்குத்தானே ஒரு சாக்கு. உடன்பிறந்தவன் நாலு மாதமாக வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு திரிகிறான் என்பது மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. அதை அவள் ஒப்புக்கொள்வாளா என்ன?

சனிக்கிழமை காலையிலிருந்து குக்கரும் அவளும்தான். உதட்டை உள்பக்கமாக மடித்துப் பல்லை மூடிக்கொண்டு, வெறும் உதட்டால் கடித்துப் பார்த்தாள். இருபத்திரண்டு நிமிடம் வெந்தது அவளுக்கே உரிய பதம்தான், ஆனால் உதட்டுக்கு மசியவில்லை. முப்பது நிமிடம் வெந்தது உதட்டுக்கு மசிந்தது, ஆனால் தொட்ட உடனே எலும்பு மட்டும் தனியாகக் கையில் வந்தது. மூன்றாவது விலாவை இருபத்தேழு நிமிடம் வைத்து, அடங்கவிட்டு, அப்படியே குளிர்பெட்டியில் வைத்து நன்றாக இறுகவிட்டாள். மத்தியானத்துக்கு மேல் எடுத்துச் சாஸ் பூசிச் சூடுகாட்டினாள். உதட்டால் கடித்தாள். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. எடுத்துப் பார்த்தால், விளிம்பு சிதையாமல் அழகான பிறை. சமையலறையில் தனியாக நின்றுகொண்டு, "அடி சக்கை" என்றாள். இந்த ஊரில் வேறு எவனாலும் இதைச் செய்ய முடியாது என்று அவளுக்குத் தோன்றியது, அது உண்மையும்கூட. நான்காவது விலாவையும் அதே கணக்கில் வேகவைத்துக் குளிர்பெட்டியில் ஏற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிவதற்குள் சர்ச் சமையலறையில் அந்த விலாவுக்குக் கடைசிச் சாஸ் பூசி, ஓவனில் சுட்டு எடுத்துக்கொண்டு வந்து, பக்கத்து மேசையில் அவளுக்கு ஒதுக்கிய இடத்தில் வைத்தாள். முற்றத்தில் நூற்றைம்பது பேர். ரோசெல் வெள்ளை ஏப்ரன் கட்டி அடுப்பருகே நின்றான். தாடியைத் தடவிக்கொண்டு தடேயஸ் பாய்கின் அவன் பக்கத்தில் வந்து நின்றான்.

"பிரதர் ரோசெல், ஒடம்பு சரியில்லாத மாதிரி தெரியுதே. மொத எலும்ப நான் பாத்துக்கட்டுமா?"

"நான் செத்தப்புறம் பாத்துக்க."

ரோசெல் தன் அடுப்பிலிருந்து ஒரு எலும்பை எடுத்தான். விடியலிலிருந்து ஹிக்கரி விறகுப் புகை குடித்த கறி. குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல பல் உள்ளவனுக்கு அது சொர்க்கம். வாய்வரை கொண்டுபோனான். கடிக்கவில்லை. கூட்டம் காத்திருந்தது. பாவி, பேரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கொடுத்துத் தொலைத்திருக்கலாமே என்று ஆர்டெல்லா தன்னையே திட்டிக்கொண்டாள்.

ரோசெல் எலும்பைத் திரும்பத் தட்டில் வைத்தான். ஏப்ரனில் கையைத் துடைத்தான். அடுப்பையும் கறி மேசையையும் தாண்டி, உருளைக்கிழங்கு சாலடையும் தாண்டி, தங்கையின் தட்டுக்கு முன்னால் வந்து நின்றான். அவளைப் பார்க்கவில்லை. ஒரு எலும்பை உருவியெடுத்துக் கடித்தான். மெதுவாக மென்றான். பிறகு கையை உயர்த்திக் காட்டினான். கறியில் பிறை அப்படியே இருந்தது.

யாரும் கைதட்டவில்லை. என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. பாய்கின்தான் வாயைத் திறந்தான்.

"அது குக்கர் கறி பிரதர். புகையே படாதது. அத மொத எலும்புன்னு எப்படிச் சொல்றது?"

ரோசெல் வாய்க்குள் கையை விட்டு மேல்வரிசையைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினான். முன்வரிசையில் ஒருத்தி "ஆண்டவரே" என்று முணுமுணுத்தாள்.

"ஏப்ரல்லேருந்து எனக்கு ஒரு பல்லும் கெடையாது" என்றான். மேல்வரிசை இல்லாமல் குரல் குழறியது. ஆனாலும் கடைசி ஆள்வரை கேட்டது. "நாலு மாசமா ஒரு துண்டு கறி உள்ள போகல. ஒன் கறி, என் கறி, எதயும் கடிக்க முடியாது. இவ கறியக் கடிச்சேன். தடம் விழுந்திருக்கு, நீயே பாத்துக்க. இந்தப் பதம் எனக்கு வராது. நான் இத்தன வருஷம் அடுப்புகிட்ட நிக்கிறேன், எனக்கு வராது."

பல்செட்டை மாட்டிக்கொண்டு, பக்கத்து மேசை ஓரத்திலேயே ஒரு மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இன்னொரு எலும்பை எடுத்தான். முன்னால் நூற்றைம்பது பேர் நிற்பதே மறந்துபோனவனாகக் குனிந்து சாப்பிட்டான். கன்னத்தில் சாஸ் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. பெருமை என்றால் இதுதான் போலிருக்கிறது என்று ஆர்டெல்லா நினைத்தாள். இத்தனை நாள் அது கைதட்டலில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் அவளுக்கு முன்னால் வரிசை நீண்டுவிட்டது. முதல் ஆளாகத் தட்டை நீட்டிக்கொண்டு நின்றது பாய்கின்.

"எனக்கும் ஒண்ணு வைங்க சிஸ்டர்."

ஆர்டெல்லா இடுக்கியைத் தட்டின்மேல் குறுக்கே வைத்தாள். பேருந்துக் கண்ணாடியில் பார்க்கிற பார்வையை ஒரு தடவை வரிசைமேல் ஓட்டினாள்.

"இருங்க. எங்க அண்ணன் இன்னும் சாப்பிட்டு முடிக்கல."

எல்லாரும் தட்டோடு நின்றார்கள். ரோசெல் ஐந்தாவது எலும்பை எடுத்தான்.