'ஊடாக' இல்லாத கடிதம்

படகுக்கு ஊற்ற மண்ணெண்ணெய் கிடைக்காத அந்த மாதங்களில், போவதற்கு மட்டும் போதுமான எண்ணெயோடு அப்பா கடலுக்குப் போனார். திரும்பும்போது பாய் விரித்து வரலாம் என்று நினைத்திருந்தார். காற்று விழுந்துவிட்டது. மறுநாள் விடிந்தும் படகு வரவில்லை. தேடிப் போக, துறையில் ஒரு படகிலும் எண்ணெய் இல்லை.

அவசரத்துக்கென்று ஒதுக்கிய எண்ணெய் பிரதேச செயலகத்தின் பொறுப்பில் இருந்தது. எங்கள் வீட்டில் முதன்முதல் படித்தவன் நான். கடிதம் எழுதி அங்கே கொண்டுபோனேன். ஓர் எழுத்துப்பிழை இல்லை. கிளாக்கர் வாசித்துவிட்டு, முகவரிக்குக் கீழே பேனையால் தட்டினார்.

"'ஊடாக' எங்கை தம்பி? மீன்பிடிச் சங்கத்துக்கூடாக, விதானையாருக்கூடாகத்தான் வரவேணும். நேரை தந்தால் எடுக்கேலாது."

நான் சண்டை பிடிக்கவில்லை. "ஓம் சேர்" என்றேன். அந்த "ஓம்" இன்றும் என்னைத் தின்கிறது. வீட்டுக்கு வந்து, 'ஊடாக' என்று இரண்டு வரி சேர்த்துப் புதிதாக எழுதினேன். சங்கத் தலைவர் உடனே ஒப்பம் வைத்தார். கிராம அலுவலரான விதானையார் கூட்டத்துக்குப் போயிருந்தார். அவருடைய வீட்டுப் படலையில் மத்தியானம் வரை நின்றேன்.

பக்கத்து வீட்டு அண்ணை அங்கே வந்து என் சைக்கிளைப் பிடித்தார்.

"கம்பசுக்காரன் இன்னும் கடுதாசியோடை நிக்கிறான். கொப்பர் கடலுக்கை கிடக்கிறார், விசரா! பொடியள் எண்ணெய் சேர்த்துப்போட்டாங்கள். ஏறு."

ஊர்ப் பொடியள் வீடு வீடாகப் போய், சமையலுக்கும் விளக்குக்கும் வைத்திருந்ததைப் போத்தல் போத்தலாக வாங்கியிருந்தார்கள். ஓர் அக்கா மண்ணெண்ணெய் அடுப்பையே தூக்கி வந்து, எங்கள் முன்னால் கவிழ்த்து ஊற்றினாள்.

"நாங்கள் கடைப் பாண் தின்னுவம். நீங்கள் வெளிக்கிடுங்கோடா."

அப்படியும் ஒரு கான்தான் நிறைந்தது.

நான்கு பேர் போனோம். எங்கு பார்த்தாலும் வெறும் தண்ணீர். எண்ணெய் பாதியானதும் அண்ணை இயந்திரத்தைக் குறைத்தார்.

"இப்ப திருப்பினால்தான் கரை. நீ சொல்லு."

மற்ற இருவரும் என்னைப் பார்க்கவில்லை. அவர்களில் ஒருவனுடைய மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி.

"திருப்புங்கோ அண்ணை."

அடுத்த நாள் காலை நாங்கள் செயலகத்துக்கு முன்னால் வீதியில் குந்தினோம். முதலில் பொடியள், பிறகு பெண்கள், பிறகு பக்கத்துத் துறைகளின் ஆட்கள். பஸ்கள் நின்றன. ஒருவரும் கடிதம் கொண்டுவரவில்லை. மத்தியானம் எண்ணெய் தந்தார்கள். எட்டுப் படகுகள் போய், பொழுதுபட வெறுமையாகத் திரும்பின.

அம்மா கரையில் நின்றாள். மற்றவர்களை ஒன்றும் கேட்கவில்லை.

"நேற்று எவ்விடத்திலை மோனை திருப்பினனீங்கள்?"

கையை நீட்டினேன். அந்தத் திசையில் நான் காட்டக்கூடிய இடம் என்று ஒன்றும் இருக்கவில்லை.